வீட்டில் பிறந்த இசை

ஒலிப்பதிவு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது பெரியதொரு கூடம். ஓசை புகாத சுவர்கள், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கும் பொறியியலாளர், மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் வாடகை. ஆனால் இன்று ஒரு கிற்றாரும் ஓர் ஒலிவாங்கியும் ஒரு கணினியும் உள்ள எந்த வீட்டிலும் இசையைப் பதிவு செய்யலாம். மாணாக்கர் பலர் செய்தும் வருகின்றனர். பெற்றோர் சிலருக்கு இது மகிழ்ச்சி, சிலருக்குக் கவலை. மகன் கேட்கும் கருவிகளையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டால் இசை வந்துவிடுமா என்று அவர்கள் வினவுகின்றனர். வினா நியாயமானதே. விடை காண்பதற்கு, இக்கலையை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களுள் தலையாய ஒருவரின் வரலாறு நமக்கு உதவும்.

லெஸ் பால் என்னும் கிற்றார்க் கலைஞர் 1915 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9 ஆந் திகதி, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வோக்கஷா என்னும் ஊரிற் பிறந்தார். 1940களில் அவர் பெயர்பெற்ற வாசிப்பாளர். அக்காலத்தில் ஒருநாள் அவருடைய தாயார், வானொலியில் மகனின் வாசிப்பைக் கேட்டதாக அவரிடம் சொன்னாராம். அந்நேரத்தில் அவர் வானொலியில் வாசிக்கவேயில்லை. தாயார் கேட்டது வேறொருவரின் வாசிப்பு. பெற்ற தாய்க்கே வேற்றுமை தெரியவில்லையென்றால் தம் வாசிப்பில் தமக்கென்று என்ன இருக்கிறது என்ற எண்ணம் அவர் உள்ளத்தைத் தைத்தது. பின்னாளில் இதனை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தமக்கேயுரிய ஓர் ஒலியைத் தேடி, ஹொலிவூட்டில் இருந்த தம் வீட்டின் மோட்டார்க் கொட்டகையை அவர் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். அதற்கு ஊக்கமளித்தவர் புகழ்பெற்ற பாடகர் பிங் குரொஸ்பி.

அப்போது ஒலிநாடா அங்கே வழக்கத்துக்கு வரவில்லை. சுழலும் தட்டின் மேற்பூச்சில் ஊசியாற் கீறியே ஒலியைப் பதித்தனர். அந்த இயந்திரத்தையும் அவர் தாமே செய்துகொண்டார். தட்டு ஒரே சீராகச் சுழலவேண்டும் என்பதற்காகக் காடிலாக் மோட்டார் வண்டியின் எஞ்சினிலுள்ள கனத்த சக்கரத்தை அதிற் பயன்படுத்தினார். ஒரு பகுதியை வாசித்து ஒரு தட்டிற் பதிப்பார். அதனை ஒலிக்கவிட்டு, அதற்கு இசைவாக இன்னொரு பகுதியை வாசித்து, இரண்டையும் சேர்த்து வேறொரு தட்டிற் பதிப்பார். இவ்வாறே மேன்மேலும் அடுக்கிச் செல்வார். பாதி வேகத்திற் பதித்ததை முழு வேகத்தில் ஒலிக்கச் செய்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். மனித விரலுக்கு எட்டாத விரைவும் கிடைக்கும். இத்தகைய உத்திகளால் உருவான 'லவர்' என்னும் இசைத்தட்டு 1948 இல் வெளிவந்தது. அதில் ஒலிக்கும் எட்டுக் கிற்றார்ப் பகுதிகளையும் வாசித்தவர் அவர் ஒருவரே.

அதே ஆண்டு ஜனவரியில் ஒக்லஹோமாவில் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவருடைய வலது முழங்கை நொறுங்கியது. அது இனி மடங்கி நிமிராது என்ற நிலையில், கிற்றாரை அணைத்து வாசிக்கத்தக்க கோணத்தில் கையைப் பொருத்திவிடுமாறு அவர் மருத்துவர்களை வேண்டிக்கொண்டார். அவர்களும் அவ்வாறே செய்தனர். தேறி எழுந்து மீண்டும் வாசிக்க ஓராண்டுக்கு மேற் சென்றது.

1949 இல் குரொஸ்பி அவருக்கு அம்பெக்ஸ் நாடா இயந்திரம் ஒன்றை அளித்தார். இவ்வகை இயந்திரத்தில் நாடா மூன்று 'தலை'களைக் கடந்து செல்லும். முதலாவது பழைய ஒலியை அழிப்பது. இரண்டாவது புதிய ஒலியைப் பதிப்பது. மூன்றாவது பதிந்ததை ஒலிக்கச் செய்வது. லெஸ் பால், அழிக்கும் தலைக்கும் முன்னதாக, ஒலிக்கச் செய்யும் தலை ஒன்றை மேலதிகமாகப் பொருத்தினார். பழைய ஒலி அழிவதற்குச் சற்று முன்னர் அவர் காதுக்கு எட்டும். அதனுடன் இசைந்து அவர் வாசிப்பார். பழையதும் புதியதும் கலந்து அதே நாடாவிற் பதியும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு என்பதை வாசகர்கள் உணர்ந்திருப்பர். முன்னைய பதிவு அழிந்துவிடுகிறது. ஒன்பது அடுக்குகளைக் குற்றமின்றி முடித்தபின் பத்தாவதில் விரல் சறுக்கினால், ஒன்பதும் போயின; மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதே. மற்றொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு முறை மறுபதிவாகும்போதும் நாடாவின் இரைச்சல் சிறிது கூடும். முதலிற் பதிந்தது மேலும் மேலும் மங்கும். ஆகவே சிறப்புக் குறைந்த பகுதிகளை முதலிலும், கேட்போரின் செவியில் தெளிவாக விழவேண்டிய பகுதியை இறுதியிலும் பதிக்கவேண்டும். இப்பாட்டின் உயிர் எது, எதற்கு எது துணை என்பதை நாடா சுழலுமுன்னரே தீர்மானித்தாலன்றி வேலையைத் தொடங்கவே இயலாது.

அவரும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் இம்முறையில், 1951 ஜனவரியில், நியூ யோர்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே 'ஹவ் ஹை த மூன்' என்னும் பாட்டைப் பதிவுசெய்தனர். பல குரல்களாகக் கேட்பவை அனைத்தும் அந்த ஒரு பெண்ணின் குரலே. ஒலிவாங்கிக்கு மிக அருகே நின்று பாடியமையால், அடுத்திருந்து பாடுவதுபோன்ற நெருக்கம் அக்குரலுக்கு வாய்த்தது. அப்பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 9 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. பெருங்கூடம் ஒன்றும் அதற்குத் தேவைப்படவில்லை.

1957 இல் அம்பெக்ஸ் நிறுவனத்தார், லெஸ் பாலின் கருத்தின்படி, எட்டுத் தடங்கள் கொண்ட இயந்திரத்தை அவருக்குச் செய்து கொடுத்தனர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனித் தடம். ஒன்று பிழைத்தால் அதனை மட்டும் திருத்தலாம். இன்றைய கணினி அந்த இயந்திரத்தின் வழித்தோன்றல். ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்களாக்கி வைக்கிறது. படி எடுத்தால் மங்குவதில்லை, தடங்களுக்கு எல்லையில்லை, பிழைத்ததை விரல் நுனியால் அழிக்கலாம். ஓடாசிட்டி போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. லெஸ் பால் பல்லாண்டு பாடுபட்டுப் பெற்ற வசதியினும் மேலான வசதி, இன்று ஏழை மாணவனுக்கும் எட்டுகிறது. இதனை நாம் குறை சொல்லலாகாது. தவறிவிடுவோமோ என்ற அச்சத்தால் வாய் திறவாத பிள்ளையும், தவறினாற் பாதகமில்லை என்று தெரிந்தால் முயன்று பார்க்கும்.

எனினும், பிழைக்கு இடமில்லாத பழைய முறை தானாகவே கற்றுக்கொடுத்த ஒன்றைப் புதிய முறை கற்றுக்கொடுப்பதில்லை. அதுதான் தீர்மானம். எதையும் பின்னர் மாற்றலாம் என்பதால் எதையும் இப்போது முடிவுசெய்ய வேண்டியதில்லை. நாற்பது தடங்களை நிரப்பிவிட்டு, எதனை வைப்பது எதனை நீக்குவது என்று தெரியாமல் மயங்கி, பாட்டை முடிக்காமலே கைவிடுவோர் உளர். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். முடிவெடாத காரியமும் சிதறவே செய்யும். இயந்திரம் விதிக்காத கட்டுப்பாட்டை மாணவன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளவேண்டும். தொடங்குமுன் ஒரு தாளில், இப்பாட்டில் தலையாயது குரலா, கிற்றாரா, தாளமா என்று எழுதி வைக்கட்டும். முதற் பாட்டை நான்கு தடங்களுக்குள் முடிக்கட்டும். துண்டு துண்டாக ஒட்டாமல், ஒவ்வொரு பகுதியையும் முதலிலிருந்து இறுதிவரை வாசித்துப் பழகட்டும்.

செய்முறை பற்றியும் சில சொல்வோம். வெறுஞ்சுவர் கொண்ட அறையிற் கைதட்டிப் பார்த்தால் ஓசை சுவர்களிடையே துள்ளுவது கேட்கும். புத்தக அலுமாரி, மெத்தை, தடித்த போர்வை ஆகியவை அதனை அடக்கும். மின்விசிறியை நிறுத்துக, ஊர் அடங்கிய இரவு நேரமே நல்லது. புதிய தந்திகளைப் பூட்டி, ஒவ்வொரு முறையும் சுருதி பார்த்த பின்னரே வாசிக்கவேண்டும். மரக் கிற்றாரைப் பதிவுசெய்வோர் ஒலிவாங்கியை வட்டத் துளைக்கு நேரே வைத்தல் ஆகாது. பெட்டியினுள் அதிரும் காற்றின் முழக்கம் மற்றவற்றை அமுக்கிவிடும். கழுத்தும் உடலும் பொருந்துமிடத்தை நோக்கி, 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்தால் தந்தியின் தெளிவும் மரத்தின் நிறைவும் ஒருங்கே கிடைக்கும். மின்கிற்றாராயின், லெஸ் பால் செய்ததுபோல், ஒலிவாங்கியின்றி நேரே இணைக்கலாம். அறையின் ஓசை அதிற் கலவாது. ஒலியளவு உச்சத்திலும் முழு அளவுக்கு 6 முதல் 10 டெசிபெல் குறைவாக இருக்கட்டும். எல்லை கடந்து முறிந்த ஒலியைப் பின்னர் முழுதாகச் சீராக்க முடியாது. முன்னர்ப் பதித்ததைச் செவிப்பன்னியிற் கேட்டு வாசித்தால், அது ஒலிவாங்கிக்குள் மறுபடி புகாது.

இனி, பெற்றோரின் வினாவுக்கு வருவோம். நல்ல கிற்றார் ஒன்று, நடுத்தர விலையில் ஓர் ஒலிவாங்கி, அதனைக் கணினியுடன் இணைக்கும் சிறு பெட்டி, ஒரு செவிப்பன்னி. தொடக்கத்துக்கு இவை போதும். மேலும் கேட்டால், இவற்றைக்கொண்டு முடித்த பாட்டு ஒன்றைக் காட்டுமாறு சொல்லுங்கள்.

பணத்தினும் அரிய இரண்டு உதவிகள் பெற்றோரிடம் உள்ளன. ஒன்று, மாலையில் ஒரு மணிநேரம் வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி அளிக்கும் அமைதி. மற்றது, பிள்ளை முடித்த பாட்டை அமர்ந்து முழுதும் கேட்டு, மனத்திற் பட்டதை மறைக்காமற் சொல்லுதல். வேறொருவரின் வாசிப்பை மகனுடையது என்று எண்ணிய ஒரு தாயின் சொல்லே லெஸ் பாலை அந்தக் கொட்டகைக்குள் அனுப்பியது. 2009 இல் தம் 94 ஆவது வயதில் மறையும்வரை அவர் தேடலை நிறுத்தவில்லை. உங்கள் பிள்ளையின் பாட்டு வேறெவருடையதையோ போல இருந்தால், அன்போடு அதனைச் சொல்லுங்கள். அடுத்த பாட்டை அவன் இன்னும் கருத்தாகத் தொடங்குவான்.