பால்கனியில் கரி அடுப்பா? கொஞ்சம் பொறுங்க!

பார்பிக்யூ ஆசை இப்போது ஃப்ளாட்டுகளுக்குள்ளும் வந்தாச்சு. சனிக்கிழமை சாயங்காலமானால் ஓர் இரும்பு அடுப்பு, ஒரு பை கரி, மசாலா தடவிய கோழி, சைவக்காரர்களுக்குப் பன்னீரும் குடமிளகாயும். நல்ல விஷயம்தான். குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிடுகிறதே! என் சண்டை அடுப்போடு இல்லை. அதை நீங்கள் வைக்கிற இடத்தோடு.

பால்கனியில் அழகுக்காக மரப்பலகைத் தளம் போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் பச்சைப் பசேலென்று பிளாஸ்டிக் புல். 'தரை பாழாகாம இருக்க அடியில ஒரு தகரத்தைப் போட்டா போதாதா?' என்பீர்கள். போதாதுங்க! தகரம் தெறிக்கிற பொறியைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. இரண்டு மணி நேரம் அடுப்பு கனன்றால் தகரமும் காயும், அதன் கீழே பலகை கருகும், பிளாஸ்டிக் புல் உருகி ஒட்டிக்கொள்ளும். சூட்டைத் தடுப்பது நடுவில் இருக்கிற காற்று இடைவெளிதான்.

இதை நம்ம தெரு இஸ்திரிக்காரரிடம் கற்றுக்கொள்ளலாம். பலர் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் கரிப்பெட்டி வைத்திருப்பவரைக் கவனித்துப் பாருங்கள். வண்டி மரம், மேலே துணி, கையில் நெருப்பு. பெட்டியை ஒரு நிமிஷம் கீழே வைப்பதானாலும் இரும்புத் தாங்கி மேலோ செங்கல் மேலோதான் வைப்பார். சாம்பலைத் தட்டுவது வண்டியை விட்டுத் தள்ளி. வருஷக்கணக்கில் அந்த மரப்பலகை அப்படியே இருக்கிறது!

ஆனால் செங்கல் வைத்தாலும் பால்கனி வேண்டாம் என்பதே என் கட்சி. பக்கத்தில் திரைச்சீலை. மேல் வீட்டில் காயப்போட்ட புடவை. புகை நேராகப் படுக்கையறைக்குள் போகும். அங்கே வீசிங் உள்ள குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவில் பல ஊர்களில் அடுக்குமாடி பால்கனியில் கரி அடுப்பு மூட்டவே கூடாது. தீப்பிடிக்கக்கூடிய கட்டடத்திலிருந்து 10 அடியாவது தள்ளி வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கார் நிறுத்த ஆயிரம் விதி போடுகிற நம் அசோசியேஷன்கள் இதற்கு ஒன்று போட்டால் என்ன?

மொட்டை மாடிக்குப் போங்கள். அங்கேயும் வெறும் தரையில் வைக்காதீர்கள். செங்கல்களை இடைவெளி விட்டு அடுக்கி, அதன்மேல் இரும்புத் தட்டு, தட்டில் இரண்டு அங்குலம் காய்ந்த மணல், அதற்கும் மேலே அடுப்பு. ஈரம் ஊறிய சிமென்ட் தரையில் நேரடியாகச் சூடு ஏறினால், உள்ளே இருக்கிற நீர் ஆவியாகித் தரை பெயர்ந்து வரும். தண்ணீர் கசியாமலிருக்க அடித்த பூச்சு கொப்பளித்துப் போகும். அப்புறம் மழைக்காலத்தில் கீழ் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம், பூஞ்சை, அவர்களுக்கு இருமல், உங்களுக்குச் சண்டை!

கோழியிலிருந்து சொட்டுகிற கொழுப்பையும் அலட்சியப்படுத்தாதீர்கள். மரத்தில் ஊறினால் அதுவே எண்ணெய்த் திரி. டைல்ஸில் சொட்டினால் மறுநாள் காலையில் துணி உலர்த்த வரும் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். ராத்திரியே சீயக்காய்த் தூளைத் தூவித் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மொட்டை மாடியில் இன்னொரு தொல்லை, திடீர் மழை. உடனே அடுப்போடு உள்ளே ஓடிவராதீர்கள். தரை போனால் மாற்றிக்கொள்ளலாம். கனலும் கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்திலிருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி, தூக்கம்... அவ்வளவுதான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில், சமைத்த கரி அடுப்பை அறைக்குள் விட்டுவிட்டுத் தூங்கிய இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. 'ஜன்னலைத் திறந்து வச்சிருக்கோமே' என்கிற சமாதானமெல்லாம் வேண்டாம். அடுப்பு நனைந்தால் நனையட்டும்!

சமையல் முடிந்ததும் கனலும் கரியில் குடம் தண்ணீரைக் கொட்டுகிற பழக்கம் சிலருக்கு. ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும், சூடான டைல்ஸ் விரியும். மூடியுள்ள அடுப்பானால் மூடி, காற்றுத் துளைகளை அடைத்துவிடுங்கள். தானாக அணையும். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கொப்புளம் பெரிதென்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சாம்பல் மேலே வெளுத்திருக்கும். உள்ளே கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும். அதைப் பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் கொட்டினால் வினைதான். மூடி போட்ட தகர டின்னில் இரண்டு நாள் ஆறவிடுங்கள், அதையும் செங்கல் மேல் வைத்து. ஆறிய மரக்கரிச் சாம்பலில் ஒரு பிடியை ரோஜாத் தொட்டிக்குப் போடலாம். கொழுப்பு ஊறியதைப் போடாதீர்கள், எலி வரும்.