ஆய்வு மலையேற வேண்டாமா?

முதுகலைத் தமிழ் பயிலும் நம் மாணவரிடம் ஆய்வுத் தலைப்பு யாதெனக் கேட்டால், புகழ்பெற்ற நாவலாசிரியர் ஒருவரின் பெயரைக் கூறி, அவர்தம் பெண் பாத்திரங்கள் என்பர். முன்னரே பலர் உழுத நிலம் அது. மாணவரின் சோம்பலே இதற்குக் காரணம் என நாம் எளிதாகக் குறை கூறிவிடுகின்றோம். அது முழு உண்மையன்று.

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியை எண்ணிப் பார்ப்போம். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை தொடர்வண்டியில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடியை அடைந்தது. 1908இல் தொடங்கிய அவ்விருப்புப்பாதை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தோர் எனக் கூறும் முதுவர்கள் அம்மலையில் வாழ்கின்றனர். அவர்தம் மொழிக்கு எழுத்தில்லை. ஏலத்தோட்டத் தொழிலாளரின் வழக்குச் சொற்களோ எண்ணிலடங்கா. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகின்றோம் நாம்!

ஆயினும் மாணவர் அங்குச் செல்வது எளிதன்று. மலையில் பத்து நாள் தங்கப் பணம் வேண்டும். 2018 மார்ச்சில் மலையேறச் சென்றோர் 23 பேரைக் காட்டுத்தீ பலிகொண்ட இடம் அது. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டினுள் புகலாகாது. மகளைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்குவர். அத்தயக்கத்தைப் பழித்துப் பயனில்லை.

உதவிகளும் குறைந்துவிட்டன. சிறுபான்மை ஆய்வாளர்க்கென 2009இல் ஏற்பட்ட மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. சிறு களத்தில் ஆய்ந்து பழக இடமளித்த எம்.ஃபில். பட்டத்தையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் நீக்கிவிட்டன. பழகாத கால்களோடு நம் மாணவர் முனைவர் பட்ட ஆய்வில் இறங்க வேண்டியுள்ளது.

நாம் செய்யத்தக்கவை சில உள. அனுமதிக்கான விண்ணப்பத்தைத் துறையே எழுதி, அது கிடைக்கும்வரை தொடர்தல் வேண்டும். மாணவியர் செல்லுங்கால் பேராசிரியை ஒருவர் உடன்செல்லல் நலம். கட்டடங்களுக்கு வாரி வழங்கும் சமுதாயப் பெரியோர் ஆண்டுக்கு இரு மாணவரின் களச்செலவை ஏற்கலாம். கட்டடத்தில் பெயர் பொறிப்பதைப்போல் இதில் இயலாதுதான். ஆயினும் பயன் நிலைக்கும். ஆய்வேட்டின் ஒரு படியை அம்மலை மக்களிடம் திருப்பித் தருதலும் நம் கடன்.

கம்பிவடத்தைப் பற்றித் தம் தந்தையர் சொல்லக் கேட்டோர் இன்று முதியோர். நூலகத்து நூல் நாளையும் இருக்கும், அவர்கள் இருப்பார்களா? மாணவச் செல்வங்களே, தலைப்பைத் தேர்ந்தெடுக்குமுன் ஒருமுறை மேற்கே மலையை நோக்குங்கள். உங்களை வழியனுப்பி வைக்கும் பொறுப்பு எங்களுடையது.