கதவடைத்த காலமும் குவேக்கர் மௌனமும்

'நண்பர்களின் சமயச் சங்கம்' என்று தம்மை அழைத்துக்கொள்வோரை, பிறர் ஏளனமாக இட்ட 'குவேக்கர்', அதாவது 'நடுங்குவோர்', என்னும் பெயராலேயே உலகம் அறியும். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பாரின் போதனையால் எழுந்த கிறித்தவப் பிரிவினர் இவர்கள். கென்யாவில் வாழும் பெருந்தொகையான குவேக்கரிடையே போதகரும் பாடலும் உண்டு. ஈண்டு நாம் பேசப்புகுவது பிரிட்டனில் உள்ளோரைப் பற்றியதாகும். அவர்தம் வழிபாட்டில் குருவானவர் இல்லை, பலிபீடம் இல்லை. ஒரு மணி நேரம் அனைவரும் வாய்மூடி அமர்ந்திருப்பர். உள்ளத்தில் உந்துதல் பெற்றவர், ஆணாயினும் பெண்ணாயினும், எழுந்து சில சொற்கள் கூறி அமர்வார். மூத்தோர் இருவர் கைகுலுக்கிக் கொண்டால் வழிபாடு நிறைவுற்றதென்பது பொருள்.

2020 மார்ச் 23ஆம் நாள் பிரிட்டனில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. குவேக்கர் கூடும் இல்லங்களும் மூடப்பட்டன. இறைவனோடு நேரே உறவாட இயலும் என்போர்க்கு, ஒரு கட்டடம் பூட்டப்பட்டதால் வந்த இழப்பு யாது எனச் சிலர் வினவலாம். இழப்பு பெரிது என்பதே நம் கருத்து. தனியொருவன் பேசாதிருப்பது வேறு. நாற்பதுபேர் ஒருவர் மூச்சை ஒருவர் உணர்ந்து பேசாதிருப்பது வேறு. அவ்வாண்டில் ஜும்ஆவுக்கும் திறவாத பள்ளிவாசலின் கதவைக் கண்டு கலங்கிய நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

இக்குழுவினரின் பழைய வரலாற்றை எடுத்துக்காட்டி, கதவடைத்தது கோழைமை என்பாரும் உளர். 1664ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டாரன்றி ஐவருக்கு மேற்பட்டோர் அரசுத் திருச்சபைக்குப் புறம்பான வழிபாட்டுக்குக் கூடுவதைத் தடை செய்தது. மறு ஆண்டு இலண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியது. அப்போதும் குவேக்கர் கூடினர், சிறை புகுந்தனர். நாடுகடத்தத் தீர்ப்புப் பெற்ற ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒரு கப்பலில் அடைக்கப்பட, அவருள் பலர் கப்பலிலேயே நோய்க்கு இரையாயினர். 1682இல் பிரிஸ்டல் நகரில் பெற்றோர் சிறையிலிருக்கச் சிறுவர்களே கூடி வழிபாட்டைத் தொடர்ந்தனர். இவை நெஞ்சை உருக்கும் செய்திகளே.

ஆயினும் அவற்றை 2020க்குப் பொருத்திக் காட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை. அன்றைய தடை, மனச்சான்றை ஒடுக்க வந்த தடை. நோய் அதற்குப் பின்னரே வந்தது. கொள்ளைநோய் எவ்வாறு பரவுகிறது என்பதும் அன்று எவருக்கும் தெரியாது. சிறைக்கு அஞ்சாதவன் தன் உடலையே பணயம் வைக்கிறான். தொற்றுக்கு அஞ்சாதவனோ, பக்கத்து இருக்கையில் அமர்ந்த எண்பது வயது மூதாட்டியின் உயிரையும் சேர்த்தே பணயம் வைக்கிறான். அவர் இசைவை அவன் கேட்டதில்லை. 1798இல் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய வார்னர் மிஃப்லின் என்னும் குவேக்கர், மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்த பிலடெல்பியாவுக்கு ஆண்டுப் பேரவையின்பொருட்டுச் சென்று, அந்நோயாலேயே மாண்டார். அவரது உறுதியைப் போற்றுகிறோம். அவர் சென்ற வழியைப் பிறர்க்குப் பரிந்துரையோம்.

கூட இயலாத நாட்களில் தொலைபேசியும் மடலும் பயன்பட்டன. ஒரே வேளையில் அவரவர் இல்லத்தில் மௌனம் காப்பதென்று சிலர் வகுத்துக்கொண்டனர். பலர் கணினித் திரையின்முன் அமர்ந்தனர். 2021ஆம் ஆண்டுப் பேரவையும் திரையிலேயே நடந்தது. இங்கொரு நுட்பம் கருதற்பாலது. குவேக்கர் எதனையும் வாக்கெடுத்து முடிவு செய்வதில்லை. கூட்டத்தின் உட்கருத்து இன்னதென எழுத்தர் உய்த்துணர்ந்து எழுதிப் படிக்க, அவையோர் ஏற்பர் அல்லது திருத்துவர். முகக்குறிப்பைக் கொண்டு நடைபெறும் இச்செயல், தபால்தலை அளவு முகங்களைக் கொண்டு எவ்வளவு செம்மையாக நடக்கும்? நடத்தினார்கள் என்பது வியப்பே. எனினும் கணினியில்லா முதியோர் அம்முடிவுகளுக்குப் புறம்பே நின்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது.

மறுபுறம், படுக்கையில் கிடந்தோரும் அருகில் குவேக்கர் எவரும் இல்லாத சிற்றூரில் தனித்து வாழ்ந்தோரும் திரையின் வழியே கூட்டத்திற்குள் வந்தனர். கதவுகள் மீண்டும் திறந்தபோது இவர்களை வெளியே விட எவருக்கு மனம் வரும்? எனவே இல்லத்தில் சிலரும் திரையில் சிலருமாகக் கலந்தமரும் வழிபாடு பல இடங்களில் நிலைத்தது. 2024இல் தென்னாப்பிரிக்காவில் கூடிய உலகக் குவேக்கர் பேரவையும் இம்முறையிலேயே நடைபெற்றது. கருவியின் இரைச்சல் மௌனத்தைக் கெடுக்கிறது என முறையிடுவோர் உளர். அம்முறையீட்டிலும் நியாயம் உண்டு.

நம் எண்ணம் இது: வர இயலாதவர்க்குத் திரை இருக்கட்டும். நடக்க வல்லவர், மழைக்கும் குளிருக்கும் சோம்பி வீட்டிலிருந்தே திரையைத் திறப்பதை மட்டும் மூத்தோர் அன்போடு கடிந்துரைக்க வேண்டும். ஊரடங்குக்கு முன் வந்துகொண்டிருந்து, இன்று இல்லத்திலும் காணப்படாமல் திரையிலும் காணப்படாமல் போனவர் எத்தனைபேர் என்பதை ஒவ்வொரு கூட்டமும் தன் பெயர்ப் பட்டியலை எடுத்துவைத்துப் பார்க்கட்டும். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டும் பொறுப்பை எவர் ஏற்பது என்பதை அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யலாம். அதற்கு வாக்கெடுப்பும் தேவையில்லை.