பத்திரம் முடிந்தது, பட்டா எங்கே?

நிலம் வாங்கியவர் சார்பதிவாளர் அலுவலகத்தின் படி இறங்கும்போது அந்த அலுவலகத்தின் கணக்கில் ஒரு வேலை முடிந்துவிடுகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தின் கணக்கில் அப்போதுதான் ஒரு மனு பிறக்கிறது. வாங்கியது ஒரு சர்வே எண்ணின் பகுதியாக இருந்தால் நில அளவரின் வரிசையில் இன்னொரு களப்பணியும் சேர்ந்துகொள்கிறது. மூன்று துறைகள், மூன்று திரைகள், மூன்று நிலுவைப் பட்டியல்கள். வாங்கியவருக்கு இருப்பதோ ஒரே வேலைதான். காசு கொடுத்து வாங்கிய நிலம் தன் பெயரில் பட்டாவாக வர வேண்டும், தன் எல்லை புலப்படத்தில் ஏற வேண்டும்.

அரசுச் சேவைகளைக் கணினிக்குக் கொண்டுவருவதில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. நில ஆவணங்களைக் கணினிமயமாக்கும் மத்திய அரசின் திட்டம் 1988-89இல் தொடங்கியது. அது 2008இல் விரிவான தேசியத் திட்டமாகி, 2016இல் டிஜிட்டல் இந்தியாவின் பெயர் தாங்கியது. தமிழகப் பதிவுத்துறை 2000இல் ‘ஸ்டார்’ மென்பொருளையும் 2018 பிப்ரவரியில் ‘ஸ்டார் 2.0’வையும் கொண்டுவந்தது. வில்லங்கச் சான்று இன்று வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கிறது. வருவாய்த்துறையின் ‘தமிழ்நிலம்’ வழியே பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் கைப்பேசிக்கு வந்துவிட்டன. 16,000க்கும் மேற்பட்ட வருவாய்க் கிராமங்களின் கட்டுக்கட்டான பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிய உழைப்பு சாதாரணமானதல்ல. அதைச் செய்தவர்கள் பலர் இந்த இதழின் வாசகர்கள்.

ஆனால் இந்த வெற்றிகளில் பெரும்பாலானவை ஒரு துறையின் சுவருக்குள் நடந்தவை. ஒவ்வொரு துறையும் தன் பதிவேட்டைத் தானே கணினியில் ஏற்றியது. தன் வேகத்தைத் தானே அளந்தது. துறைக்கும் துறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி காகித காலத்தில் இருந்தபடியே கணினிக்குள் இடம் மாறியது. முன்பு கோப்பு அங்கே காத்திருந்தது, இன்று தரவு காத்திருக்கிறது. அடுத்த பத்தாண்டின் வேலை முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

இடைவெளியை மூட முடியும் என்பதற்குக் கண்ணெதிரே சான்று உண்டு: தானியங்கிப் பட்டா மாறுதல். முழு சர்வே எண் அல்லது முழு உட்பிரிவு கைமாறும்போது, விற்பவரின் பெயர் பட்டாவிலுள்ள பெயரோடு பொருந்தினால், பதிவு முடிந்த கையோடு பட்டாவும் மாறிவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையோ, வருவாய் ஆய்வாளரின் பரிந்துரையோ, மண்டலத் துணை வட்டாட்சியரின் ஒப்புதலோ வேண்டியதில்லை. இதில் நிரல் எழுதியது சிறு பகுதி. எந்தச் சூழலில் ஓர் அலுவலரின் முடிவு தேவையே இல்லை என்று இரு துறைகள் உட்கார்ந்து பேசி, அதை ஆணையாக எழுதியதுதான் பெரும் பகுதி. கையொப்பமிடும் அதிகாரத்தை ஒரு துறை தானாக விட்டுக்கொடுத்த பிறகே மென்பொருள் ஓடத் தொடங்கியது. மின்னாளுமையில் நாம் ‘ஒருங்கிணைப்பு’ என்று சொல்வதன் உண்மைப் பொருள் இதுதான்.

இந்த வழியில் போகாத மனுக்கள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் நான்கு முட்டுக்கட்டைகள் தெரியும்.

முதலாவது, பொருந்தாத பெயர்கள். பட்டாவில் முன்னெழுத்தோடு ஒரு பெயர், பத்திரத்தில் தந்தை பெயரோடு இன்னொன்று. பழைய பதிவேட்டில் சாதிப் பின்னொட்டோடு இருக்கும் பெயர் ஆதாரில் அது இல்லாமல் இருக்கும். ஊர்க்காரருக்கு ஒரே ஆளாகத் தெரிபவர் கணினிக்கு இரண்டு ஆள். பரப்பும் இப்படியே. பட்டா ஹெக்டேர், ஏர் கணக்கில் பேசுகிறது. பத்திரம் ஏக்கர், சென்ட் கணக்கில் பேசுகிறது. மனைப் பத்திரமோ சதுர அடியில். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர். மாற்றும்போது விழும் சில்லறையைத் தள்ளியெழுதும் முறை அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபட்டால், இரு ஆவணங்களும் ஒருநாளும் ஒத்துவராது. போதாக்குறைக்குப் பழைய சர்வே எண், புதிய சர்வே எண், நத்தம் எண், நகர அளவையின் வார்டு, பிளாக் எண் என்று ஒரே மண்ணுக்குப் பல எண்கள். இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியலை இரு துறைகளும் சேர்ந்து பராமரிக்காதவரை எந்த மென்பொருளும் திணறத்தான் செய்யும்.

இரண்டாவது, மரபாக வந்த பிழை. 1980களின் யு.டி.ஆர். பணியின்போது நிகழ்ந்த பெயர்ப் பிழையும் பரப்புப் பிழையும் அப்படியே கணினிக்குள் வந்தன. தாளில் இருந்தபோது அதைச் சந்தேகிக்க இடமிருந்தது. அச்சிட்ட பட்டாவில் க்யூ.ஆர். குறியீட்டோடு வரும்போது பிழைக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. திருத்தம் கேட்பவர் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று ஏறி இறங்குகிறார். அலுவலகப் பிழையால் விளைந்த திருத்தத்தைக் குடிமகன் மனுப்போட்டுக் கேட்க வேண்டும் என்ற நிலையை மாற்ற வேண்டும். ஜமாபந்தி ஆண்டுதோறும் நடக்கிறது. அ-பதிவேட்டையும் பழைய மூலத்தையும் ஒப்பிட்டு, ஐயத்துக்குரிய இனங்களைக் கணினியே எடுத்துக் கொடுக்க, கிராமம் கிராமமாகத் தாமே முன்வந்து திருத்தும் நாளாக அதை ஆக்கலாம்.

மூன்றாவதுதான் பெரியது: உட்பிரிவு. இரண்டு ஏக்கரில் முப்பது சென்ட் விற்றால், அந்த முப்பது சென்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பத்திரம் நான்கெல்லை சொல்லி விவரிக்கிறது. களத்தில் அளப்பது அதற்குப் பிறகு. முதலில் பதிவு, பிறகு அளவு என்ற இந்த வரிசையில், அளக்கும்போது நிலம் குறைந்தால் வாங்கியவர் வழக்குக்குப் போக வேண்டியதுதான். உட்பிரிவுக் கட்டணத்தைப் பதிவின்போதே வாங்கி, மனுவையும் கணினி வழியே வருவாய்த்துறைக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது நல்ல முன்னேற்றம். அலைச்சல் ஒன்று குறைந்தது; வரிசை மட்டும் மாறவில்லை.

கர்நாடகம் வேறு வழியில் போனது. அங்கே ‘பூமி’ திட்டம் ஏறத்தாழ 67 லட்சம் நில உடைமையாளர்களின் 2 கோடி ஆவணங்களைக் கணினியில் ஏற்றியதும், கையெழுத்துப் பிரதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தார்கள். மனுக்களை வந்த வரிசையிலேயே எடுக்க வேண்டும் என்று மென்பொருளே கட்டாயப்படுத்தியது. விவசாய நிலத்தின் ஒரு பகுதியை விற்பதற்கு முன்பே நில அளவர் அளந்து ‘11-இ’ வரைபடம் தர வேண்டும், அது பத்திரத்தோடு இணைய வேண்டும் என்பது அங்குள்ள முறை. விற்பவரும் வாங்குபவரும் எந்தத் துண்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று கையெழுத்துப் போடும் முன்பே அறிவார்கள். இதற்கும் விலை உண்டு. அளவர் கிடைக்காவிட்டால் விற்பனையே நின்றுபோகும். அதனால்தான் அங்கே உரிமம் பெற்ற தனியார் அளவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அளவர் எண்ணிக்கையைக் கூட்டாமல் இந்த முறையை இங்கே நகலெடுத்தால் நெரிசல் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும், அவ்வளவே. கூட்டித் தொடங்கினால் உட்பிரிவு வழக்குகளில் பெரும்பகுதி பிறக்காமலே போகும்.

நான்காவது, இறந்தவர் பெயரில் கிடக்கும் பட்டா. தாத்தா பெயரில் பட்டா, பேரன் கையில் உழவு. இது நம் கிராமங்களில் சாதாரணம். இறப்பைப் பதிவு செய்பவை உள்ளாட்சி அமைப்புகள். அந்தச் செய்தி நிலப் பதிவேட்டுக்கு வருவதில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இறப்புத் தரவைப் பிற அரசுத் தரவுத்தளங்களோடு பகிர்ந்துகொள்ள அது வழி செய்கிறது. பட்டாதாரர் இறந்த செய்தி வந்தவுடன் அந்தப் பட்டாவில் ஒரு குறிப்பு ஏறினால், வாரிசுகளுக்குத் தகவல் அனுப்பலாம், ஆள்மாறாட்டப் பதிவையும் தடுக்கலாம். இதைவிடக் கூச்சமான விஷயம் ஒன்றுண்டு. வாரிசுச் சான்று தருவது வட்டாட்சியர் அலுவலகம். வாரிசு அடிப்படையில் பட்டா மாற்றுவதும் அதே அலுவலகம். தான் கொடுத்த சான்றைத் தனக்கே ஸ்கேன் செய்து ஏற்றும்படி அது குடிமகனிடம் கேட்கிறது. துறைகளுக்கிடையே ஒத்துழைப்பு பற்றிப் பேசுமுன் ஒரே கூரைக்குக் கீழுள்ள இரண்டு மேசைகளை இணைத்துவிடலாம்.

எல்லாவற்றையும் மென்பொருளில் ஒரு தடுப்புப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் எல்லை உண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறது. உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. விற்பவர் முந்தைய மூல ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்ற தமிழ்நாட்டின் 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என்றது. சட்டம் தராத அதிகாரத்தை விதி தர முடியாது என்பது அதன் சாரம். விதிக்கே இல்லாத அதிகாரம் ஒரு கணினித் திரையின் சிவப்புக் கட்டத்துக்கு எங்கிருந்து வரும்? எந்தத் தடுப்பானாலும் முதலில் சட்டத்தில் இடம்பெற வேண்டும். அதேபோல், பகிர்தல் என்றால் தரவை அள்ளிக் கொடுப்பதல்ல. ‘இந்தப் பட்டாதாரர் உயிரோடு இருக்கிறாரா’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற விடை போதும். முழுக் குடும்ப விவரமும் இடம் மாற வேண்டியதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்த பிறகு இது நாகரிகம் மட்டுமல்ல, கடமையும்கூட.

அடுத்து, நாம் வெற்றியை அளக்கும் முறை. மனு ஒப்புதலானாலும் தள்ளுபடியானாலும் ‘முடித்துவைக்கப்பட்டது’ என்ற ஒரே தலைப்பில் எண்ணினால், நிலுவையைக் குறைக்க எளிய வழி தள்ளுபடி செய்வதுதான். ‘ஆவணம் போதவில்லை’ என்று ஒற்றை வரி எழுதினால் ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரியின் கேள்வியிலிருந்து தப்பலாம். குடிமகன் மறுபடி மனுப்போட்டால் அது புது மனு, புது தேதி. ஒரே நிலத்துக்கு ஒருவர் மூன்று முறை அலைந்ததை நம் புள்ளிவிவரம் மூன்று வெற்றியாகக் காட்டும். கர்நாடகத்தின் ‘சகாலா’ சட்டம் ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் எண்ணும், கால வரம்பும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் ஈடும் வைத்தது. தொகை சிறியது. ஆனால் தாமதம் யாருடையது என்று பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் அதனால் வந்தது.

வடிவமைப்பு மேசையில் யார் உட்கார்கிறார்கள் என்பதும் முக்கியம். தலைமையகத்தில் முடிவாகி, ஒப்பந்தக்காரர் எழுதி, மாவட்டத்துக்குப் பயிற்சிச் சுற்றறிக்கையாக வந்து சேரும் மென்பொருள், முதல் நாளே களத்தில் தடுமாறுகிறது. கூட்டுப் பட்டாவில் எத்தனை விதமான தகராறு வரும் என்று கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். கல் காணாமல் போன எல்லையை எப்படிப் பிடிப்பது என்று நில அளவருக்குத் தெரியும். எந்தக் கட்டத்தில் மக்கள் தவறாக நிரப்புகிறார்கள் என்று இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவருக்குத் தெரியும். பத்திர எழுத்தருக்கோ எல்லாமே தெரியும். இவர்களை முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். கடைசிக் கூட்டத்துக்கு அழைப்பது மரியாதைக்காக மட்டுமே.

ஆக, பதிவு, வருவாய், நில அளவை ஆகிய மூன்று துறைகளிலும் உள்ள நண்பர்களிடம் நாம் முன்வைப்பது நான்கு கோரிக்கைகள். பத்திரம் பதிவாகும்போது பிறக்கும் ஓர் எண், பட்டாவும் புலப்படமும் மாறும்வரை மூன்று துறைகளிலும் மாறாமல் ஓடட்டும். காலக் கணக்கு பதிவு நாளில் தொடங்கட்டும், கடைசி ஆவணம் மாறும் நாளில் முடியட்டும். தள்ளுபடிகள் காரணவாரியாக, வட்டவாரியாக மாதந்தோறும் வெளியாகட்டும். அரசின் ஓர் அலுவலகம் வைத்திருக்கும் ஆவணத்தை இன்னோர் அலுவலகம் குடிமகனிடம் கேட்பதை ஆணை போட்டு நிறுத்துவோம்.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை, இருப்பதே போதும். மூன்று துறைத் தலைமைகள் ஒரு கோப்பில் கையொப்பமிட வேண்டும், அந்தக் கையொப்பத்துக்கு மாவட்ட அளவில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அதற்கான குறிப்பைத் தயாரிக்கும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படிக்கும் நீங்கள்தான். அடுத்த ஜமாபந்திக்குள் உங்கள் வட்டத்திலாவது தொடங்குங்கள்.