அவ்வா வாயை மூடாதீங்க

ராஜபாளையத்துல வீட்டுக்குள்ள தெலுங்கு, வாசல் தாண்டினா தமிழ்னு காலம் பூரா பேசின அவ்வாக்களை இப்ப வீட்டுலயே அடக்குறாங்க. "குழந்தைகிட்ட தெலுங்கு பேசாதீங்க, குழம்பிடும்." குழம்பாது சார். யார் கிளப்பிவிட்ட புரளி இது?

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. "அதெல்லாம் படிப்பால வந்தது"ன்னு தள்ளிவிட முடியாது.

எல்லா ஆய்வும் இதையே சொல்லலை. மொழி நோயைத் தடுக்காது, தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ஆனா நாலரை வருஷம் தள்ளிப்போடுற மாத்திரை எங்கிட்ட கிடையாது.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைப் பற்றி கிருஷ்ணதேவராயர் காவியமே தெலுங்கில்தான் எழுதினார். நம்ம வீட்டுல மட்டும் அது கூச்சமா?

இன்னிக்கு ராத்திரி அவ்வாவை கதை சொல்லச் சொல்லுங்க. தெலுங்குலயே.