பக்கவாதத்தில் இரு வகை: தீவுக் கிராமங்களுக்கு ரத்த அழுத்தப் பரிசோதனையே முதல் அரண்

பெரார்கஞ்ச்: மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபட்டாலும், வெடித்து ரத்தம் கசிந்தாலும் பக்கவாதம் ஏற்படும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகிய அறிகுறிகள் இரண்டுக்கும் பொது. ஆனால், சிகிச்சை வேறு. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதே மருந்து, கசிவு உள்ளவரின் உயிரைப் பறிக்கக்கூடும். சி.டி. ஸ்கேன் எடுத்தே வகையை உறுதிசெய்ய இயலும்.

தெற்கு அந்தமானின் பெரார்கஞ்ச் வட்ட மக்களுக்குத் தலைமை மருத்துவமனையான ஜி.பி. பந்த், ஸ்ரீ விஜயபுரத்தில் (போர்ட் பிளேயர்) உள்ளது. பயண நேரமும் அந்த நாலரை மணிக்குள் அடங்க வேண்டும்.

இந்தியா, சீனா உள்பட 22 நாடுகளில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, இரு வகைக்கும் உயர் ரத்த அழுத்தமே முதன்மைக் காரணம் என்றும், கசிவில் அதன் தாக்கம் கூடுதல் என்றும் கண்டறிந்தது. நீரிழிவும் இதயக் கோளாறுகளும் அடைப்பு வகையுடன் தொடர்புடையவை. மேலை நாடுகளைவிடச் சீனாவில் கசிவு வகையின் விகிதம் அதிகம்.

ஸ்கேன் வசதியை ஊர்தோறும் அமைப்பது கடினம். ரத்த அழுத்தத்தை அளந்து, மாத்திரை தடையின்றிக் கிடைக்கச் செய்வது துணை சுகாதார நிலையத்திலேயே சாத்தியம். இரு வகையையும் ஒருசேரத் தடுக்கும் வழி அதுவே.