கும்பிடுபூச்சிக்கு யார் சோறு போடுவது?

காலாண்டு லீவுக்கு வந்த பேரன், வேலியோர நொச்சியில் இருந்த ஒரு கும்பிடுபூச்சியைப் பிடித்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். இறக்கை முளைக்காத இளம்பூச்சி. "அப்புச்சி, இதை நான் வளர்க்கப் போறேன். இது என்ன தின்னும்?"

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இயற்கை விவசாயத்துக்கு வந்து 7 வருடம் ஆகிறது. தோட்டம் பார்க்க வருகிறவர்களிடம், 'கும்பிடுபூச்சி உழவனின் நண்பன்' என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த நண்பன் என்ன சாப்பிடுவான், எவ்வளவு சாப்பிடுவான் என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. "பூச்சி தின்னும்டா" என்றேன். "எந்தப் பூச்சி, எத்தனை?" என்றான். மேனேஜர் பேரன், கணக்குக் கேட்கத்தானே செய்வான்!

செத்த ஈயைப் போட்டோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு இரை அசைய வேண்டும். உயிருள்ள ஈயை விட்டதும் தலையை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தது. அடுத்த நொடி ஈ முன்னங்காலில். கும்பிடுகிற மாதிரி மடித்து வைத்திருக்கும் அந்தக் கால்களின் உள்பக்கம் முழுக்க முள். பிடித்ததைச் சாகடித்துவிட்டுத் தின்னுவதில்லை, உயிரோடே தொடங்கிவிடுகிறது. தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது. பாட்டிலின் உள்பக்கம் தெளித்துவிட்டால் துளியை உறிஞ்சிக் குடிக்கும். இன்னொன்றைப் பிடித்துவந்து துணைக்குப் போடலாமா என்று பேரன் கேட்டான். போட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும், வேண்டாம் என்றேன். அது எனக்குத் தெரிந்திருந்தது.

தெரியாத ஒன்றால் அந்தப் பூச்சியை நானே கொன்றேன். மூன்றாம் நாள் அது சாப்பிடவில்லை. மூடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சும்மா இருந்தது. பசியில் சோர்ந்துவிட்டது என்று நினைத்து, பேரன் தூங்கியபிறகு கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றை உள்ளே விட்டேன். உண்மையில் அது தோல் உரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அது தின்னாது, தொந்தரவு செய்யக் கூடாது, தொங்கி உரிக்க அதன் நீளத்தைப் போல மூன்று மடங்கு உயரமாவது வேண்டும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. விடிகாலையில் பார்த்தால், குதித்த வெட்டுக்கிளி இடித்துக் கீழே விழுந்து, பாதித் தோலோடு கால் கோணிக் கிடந்தது. மத்தியானம் வரைக்கும் பேரன் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது பூச்சிக்கு உயரமான அட்டைப்பெட்டி எடுத்து, ஒரு பக்கம் கொசுவலை கட்டினோம். இரை பிடிக்க இரண்டு பேரும் கிளம்பினோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே 20 சென்ட் வெண்டை. அரை மணி நேரம் இலை இலையாகத் திருப்பிப் பார்த்தும் அந்தப் பூச்சிக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கவில்லை. முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பூச்சியே இல்லாத வெண்டை! அப்புறம் பேரன் சொன்னான், "அப்புச்சி, இங்க சிலந்திகூட இல்லை." பொறிவண்டும் இல்லை. வரப்பில் இருந்த தட்டைப்பயறுக்குப் போனோம். அசுவினி, அசுவினி தின்னும் பொறிவண்டு, சின்ன வெட்டுக்கிளி, ஈ என்று ஐந்தே நிமிடத்தில் இரண்டு நாள் சாப்பாடு கிடைத்துவிட்டது.

வெண்டைக்கு நான் வெள்ளிக்கிழமை தவறாமல் இலைக்கரைசல் அடித்துக்கொண்டிருந்தேன். பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமையா, அடி. 34 வருடம் ரிட்டர்ன் அனுப்பிய பழக்கம். ரசாயனம் இல்லை, வேம்பும் நொச்சியும் கோமியமும்தானே, அடித்தால் என்ன என்ற எண்ணம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கிறது. வேம்பு இலை தின்னும் புழுவைத்தான் அதிகம் பாதிக்கும், வேட்டைப் பூச்சியை அவ்வளவாகப் பாதிக்காது என்பது உண்மைதான். ஆனால் வேட்டைப் பூச்சியின் சோற்றை எடுத்துவிட்டோமே? விஷம் வைக்காமல் பட்டினி போட்டால் மட்டும் நண்பன் நம் வயலில் தங்குவானா? கணக்கில் மினிமம் பேலன்ஸ் வைக்கிற மாதிரி, கொஞ்சம் பூச்சியை வயலில் விட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனுங்க மேனேஜரே, பூச்சி வந்தப்புறம் அடிச்சா லேட்டுங்க. காய் சொத்தையானா உங்க பூச்சியா வந்து விலை கொடுக்கும்?" நியாயமான கேள்வி. கத்தரியில் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருக்கும் புழுவைக் கும்பிடுபூச்சி எட்டாது. அதற்கு வாடிய நுனியைக் கிள்ளி அழிக்க வேண்டும், இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும். அதோடு இந்த நண்பனுக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதமும் கிடையாது. எங்கள் பெட்டியில் ஒரு தேனீயையும் தின்றது. வயலில் இன்னொரு கும்பிடுபூச்சியையும் தின்னும். சுவரில் ஒட்டுகிற படத்தில் 'நன்மை செய்யும் பூச்சிகள்' வரிசையில் அதைப் போடுகிறோம், அது நம் வசதிக்கு. அதனால் கும்பிடுபூச்சி இருந்தால் கரைசலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் அடிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

லீவு முடிந்து, பெட்டியோடு கோயம்புத்தூர் போக வேண்டும் என்று பேரன் அழுதான். அபார்ட்மென்டில் தினமும் உயிருள்ள ஈக்கு எங்கே போவது? கடைசியில் அவனே தட்டைப்பயறில் விட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு 5 வாரம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் கைத்தெளிப்பானை எடுக்குமுன் அங்கங்கே 10 செடியில் இலையின் அடிப்பக்கம் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். தத்துப்பூச்சி ஏறிய ஒரு வாரம் மட்டும், அதுவும் அது இருந்த கிழக்குப் பக்க 4 பாத்திக்கு மட்டும் அடித்தேன். வெண்டை ஓரத்தில் இப்போது சிலந்தி வலை தெரிகிறது. சொத்தைக் காயும் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அறுப்புக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கழிகிறது. அதை மாட்டுக்குப் போடுகிறோம்.